அளப்பவர் யார் பக்கம்? நிறுவன உளவியலில் முதுநிலைக் கல்வி

1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் வந்து சேர்ந்தார். மில்லை நடத்திய கௌதம் சாராபாய் அவரை அழைத்திருந்தார். முந்தைய ஆண்டுதான் அங்கே தானியங்கித் தறிகளை இறக்கியிருந்தார்கள். வேலையளவைக் கணக்குப் போட்டுத்தான் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் எதிர்பார்த்த துணி வரவில்லை, பழுதும் குறையவில்லை. ரைஸ் தறிக்கூடத்துக்குள் நின்று பார்த்தார். 224 தறிகள், ஒரு ஷிப்டுக்கு 29 பேர், அந்த 29 பேருக்குள் 12 வகை வேலைகள். நெய்பவர், தறியின் பாட்டரியில் நூற்கண்டு நிரப்புபவர், பெரிய அறுப்பைச் சரிசெய்பவர், தறியைப் பழுதுபார்க்கும் ஜாபர், அவருக்கு உதவியாள், எண்ணெய் விடுபவர், கூட்டுபவர், ஈரப்பதக் கருவியைப் பார்ப்பவர் என்று நீண்டது பட்டியல். நெய்பவர் பொறுப்பில் இருந்த தறிகளின் எண்ணிக்கை ஒன்று, பாட்டரி நிரப்புபவருக்கு வேறு எண்ணிக்கை, அறுப்பைச் சரிசெய்பவருக்கு இன்னொன்று. ஒருவர் வேலை மற்றவரின் கையை நம்பியிருந்தும், 'இந்தத் தறிகள் நம்முடையவை' என்று சேர்ந்து சொல்ல அங்கே நான்கு பேர் கிடையாது.

ஒரு தொகுதித் தறிகளுக்குச் சிறு குழு ஒன்று மொத்தப் பொறுப்பேற்கட்டும் என்று ரைஸ் யோசனை சொன்னார். அதன் பின் நடந்ததுதான் இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம். யோசனையைத் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் தாங்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். யார் யாரோடு சேர்வது என்பதையும் அவர்களே முடிவு செய்து குழுக்களை அமைத்தார்கள். சில மாதங்களில் தறிகளின் செயல்திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95 வரை உயர்ந்தது. பழுதான துணி 32 விழுக்காட்டிலிருந்து 20-க்கு அருகே இறங்கியது. தறியும் அதே தறி, ஆட்களும் அதே ஆட்கள். வேலையைப் பங்கிட்ட முறை மட்டுமே மாறியிருந்தது.

1970-ல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் அதே மில்லுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே நிலைத்திருந்தது. மற்றவற்றில் கூடியும் குறைந்தும் பழைய ஏற்பாடு திரும்பியிருந்தது. வெற்றிக் கதையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய், என்ன மிஞ்சியது என்று பார்த்ததும் இந்தக் கல்வியின் பாடமே.

மேலாண்மைக்கும் நிறுவனங்களுக்கும் உளவியலைப் பயன்படுத்தும் இந்தப் படிப்பு பல பெயர்களில் நடக்கிறது. தொழிலக உளவியல், நிறுவன உளவியல், பணி உளவியல் என்பவை சில. மனிதவளம் படிக்கும் எம்.பி.ஏ. மாணவரும் நிறுவன நடத்தை என்றொரு தாளாக அதைத் தொட்டுச் செல்கிறார். எம்.பி.ஏ. மாணவருக்கு ஆள் எடுப்பதும் சம்பளம் நிர்ணயிப்பதும் தொழிற்சட்டமும் முதன்மை. உளவியல் முதுகலை மாணவருக்கு அளவீடு முதன்மை. ஒரு தேர்வு தான் அளப்பதாகச் சொல்வதை உண்மையிலேயே அளக்கிறதா? ஒரு பயிற்சி பலன் தந்தது என்று எதை வைத்துச் சொல்வது? அந்த ஆண்டு சந்தை நன்றாக இருந்ததால் வந்த பலன் இல்லை என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குவதற்குத்தான் இரண்டு ஆண்டுகள். ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அளக்கச் சொல்பவர் நிர்வாகி, அளக்கப்படுபவர் தொழிலாளி, அளப்பவர் யார் பக்கம்? பாடத்திட்டங்கள் இதை ஒழுக்கநெறி என்ற தலைப்பில் கடைசி அலகில் வைத்துவிடுகின்றன. முதல் அலகாக இருக்க வேண்டியது அது என்பது என் எண்ணம்.

துறையின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து ஹார்வர்டுக்குப் போன ஹூகோ மூன்ஸ்டர்பெர்க், டிராம் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கச் சோதனைகள் வகுத்தார். 1913-ல் வெளியான அவருடைய உளவியலும் தொழில்திறனும் பற்றிய ஆங்கில நூலைப் பலரும் துறையின் தொடக்கம் என்பார்கள். வேலைக்கு ஏற்ற ஆள், ஆளிடமிருந்து அதிகபட்ச வேலை என்பதே அதன் சாரம். ஆனால் அதே பத்தாண்டில் பிரிட்டனில் வேறொரு மரபும் முளைத்தது. முதல் உலகப் போரில் குண்டுத் தொழிற்சாலைப் பெண்கள் வாரத்துக்கு அறுபது மணிநேரத்துக்கும் மேல் உழைத்தார்கள். 1915-ல் அமைக்கப்பட்ட குழு ஒன்றுக்காக எச்.எம். வெர்னன் அவர்களின் உற்பத்தியை வாரம் வாரமாகக் கணக்கெடுத்தார். நேரத்தைக் குறைத்த இடங்களில் மொத்த உற்பத்தி குறையவில்லை, சில இடங்களில் கூடியது. களைப்பு என்பது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்ற முதலாளிகளின் நம்பிக்கையை எண்களால் எதிர்த்த முதல் வேலைகளுள் இது ஒன்று. 1918-ல் தொழிலகக் களைப்பை ஆராய அங்கே தனி வாரியமே வந்தது. இந்த மரபை இந்தியப் பாடநூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அந்த இடத்தையெல்லாம் நிரப்பிக்கொள்வது ஹாதார்ன். சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் அவை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, யாரோ தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே காரணம் என்று மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். ஆவணங்களைப் புரட்டினால் கதை அவ்வளவு சீராக இல்லை. ரிலே பொருத்தும் அறையில் இருந்த ஐந்து பெண்களில் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்ற காரணத்துக்காக 1928-ல் வெளியேற்றப்பட்டு, வேறு இருவர் வந்தார்கள். சம்பள முறையும் அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்ததாக மாறியிருந்தது. 1967-ல் அலெக்ஸ் கேரி இவற்றைச் சுட்டிக்காட்டிக் கடுமையாக விமர்சித்தார். வெளிச்ச ஆய்வின் மூலத் தரவுகள் தொலைந்துவிட்டன என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் அவற்றைக் கண்டெடுத்து 2011-ல் மறுபடி கணக்கிட்டார்கள். விளக்குகளை மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். ஓய்வுக்குப் பின் வரும் திங்கட்கிழமை, விளக்கை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் உற்பத்தி கூடுதலாகவே இருந்திருக்கிறது. புகழ்பெற்ற அந்த விளைவுக்கான ஆதாரம் மிகவும் மெலிந்துபோயிற்று.

அதே ஹாதார்னில், மாணவர்கள் அதிகம் எழுதாத பகுதி ஒன்று உண்டு. பேங்க் வயரிங் அறையில் 14 ஆண்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்பவரைச் சக தொழிலாளிகளே அடக்கினார்கள். கூடுதலாகச் செய்தால் நாளை அதுவே எல்லோருக்கும் குறைந்தபட்சம் ஆகிவிடும், பீஸ் ரேட்டைக் குறைப்பார்கள், ஆட்களைக் குறைப்பார்கள் என்ற பயம். நிர்வாகம் அதை மனத்தடையாகப் பார்த்தது. பெருமந்தம் தொடங்கிவிட்ட 1931-ல் அந்தப் பயம் தெளிந்த அறிவாகவே இருந்தது. ஒரே தரவை இரு பக்கத்திலிருந்தும் படிக்கப் பழகாத மாணவர், தொழிலாளியின் நியாயத்தை 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று பெயரிட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தயாரித்துவிடுவார்.

இதைத் துறைக்குள்ளிருந்தே சொன்னவர்கள் இருந்தார்கள். ஆர்தர் கோர்ன்ஹவுசர் 1947-லேயே, தொழிலக உளவியல் நிர்வாகத்தின் உத்தியாக இருக்கப்போகிறதா, சமூக அறிவியலாக வளரப்போகிறதா என்று கேட்டார். பிறகு டெட்ராய்ட் கார்த் தொழிலாளர்களின் மனநலத்தை ஆராய்ந்து 1965-ல் நூலாக்கினார். வரலாற்றாசிரியர் லோரன் பாரிட்ஸ் 1960-ல் எழுதிய புத்தகத்தின் பெயரே, சமூக அறிவியலாளர்களை அதிகாரத்தின் ஊழியர்கள் என்றது. இந்த இரண்டு பெயர்களும் நம் முதுநிலை வகுப்புகளில் ஒலிக்க வேண்டும்.

விமர்சனம் ஒரு பக்கம் இருக்க, இந்தத் துறை உறுதியாகக் கற்றுக்கொண்டவையும் உண்டு. ஆட்தேர்வில் அதற்கு நூறாண்டுக்கும் மேலான தரவு இருக்கிறது. ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்த முறை உதவும்? 1998-ல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பட்டியல் தந்தார்கள். தேர்வில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் வேலைத் திறனுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு அது. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. பொது அறிவாற்றல் தேர்வுக்கும் கட்டமைத்த நேர்காணலுக்கும் 0.51 என்றும், மனம்போன போக்கில் கேள்வி கேட்கும் நேர்காணலுக்கு 0.38 என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். கால் நூற்றாண்டு அதுவே வேதம். 2022-ல் பால் சாக்கெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கின் அடித்தளத்தையே கிளறினார்கள். ஆய்வாளர் கையில் இருப்பது வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் தரவு மட்டும்தான். நிராகரிக்கப்பட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அந்த இழப்பை ஈடுகட்ட எண்ணைக் கொஞ்சம் உயர்த்துவது வழக்கம். முன்னவர்கள் பொருந்தாத இடத்திலும் உயர்த்திவிட்டார்கள் என்பது சாக்கெட் குழுவின் வாதம். திருத்திய பட்டியலில் அறிவாற்றல் தேர்வு 0.31-க்கு இறங்கியது. கட்டமைத்த நேர்காணல் 0.42-உடன் முதலிடம் பிடித்தது. கட்டமைக்காத நேர்காணல் 0.19.

இந்த ஒரு விவாதத்தைத் தரவோடு, சூத்திரத்தோடு ஒரு பருவம் முழுக்க நடத்தினால்கூடத் தகும் என்பேன். புள்ளியியல் ஏன் வேண்டும் என்பது அப்போது மாணவருக்குச் சொல்லாமலே விளங்கும். நடைமுறைப் பலனும் பெரியது. நம் ஊரில் இன்றும் பெரும்பாலான நேர்காணல்கள் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்கி, சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று போகின்றன. வேலைக்கும் அந்தப் பதில்களுக்கும் தொடர்பில்லை. ஊரையும் தகப்பன் தொழிலையும் கேட்டால் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது, பள்ளியைக் கேட்டால் வசதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகள், வேலையை ஆராய்ந்து எடுத்த கேள்விகள், பதிலுக்கு முன்னரே வகுத்த மதிப்பெண் என்று நடத்தும் நேர்காணல் சரியான ஆளைக் கண்டுபிடிப்பதில் மேலானது. நியாயத்திலும் மேலானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-ல் டியூக் பவர் நிறுவனத்துக்கு எதிரான கிரிக்ஸ் வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வும் கல்வித் தகுதியும் கறுப்பினத்தவரை வடிகட்டுமானால் அது பாகுபாடே என்றது. அதன் பிறகுதான் அங்கே நிறுவனங்கள் உளவியலாளர்களைத் தேடி ஓடின, தேர்வுகளின் தகுதியை நிரூபிக்க. நம்முடைய தனியார் துறையில் அப்படிப்பட்ட சட்ட நெருக்கடி இல்லை. அதனால் எவ்விதத் தகுதியும் நிரூபிக்கப்படாத ஆளுமை வகைப் பரிசோதனைகளெல்லாம் தாராளமாக உலவுகின்றன. மயர்ஸ் பிரிக்ஸ் வகைப் பட்டியலில் மனிதரைப் பதினாறு கூண்டுக்குள் அடைக்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்குக் கூண்டு மாறிவிடுகிறது. அதை வைத்து ஒருவருடைய பதவி உயர்வை முடிவு செய்வது அநீதி.

ஊக்கம் பற்றிய பகுதியை விரைவாகவே கடக்கலாம், ஏனெனில் அதில் பழைய சரக்கு அதிகம். மாஸ்லோவின் தேவைப் படிநிலை 1943-ல் வந்தது. எல்லாப் பாடநூலிலும் இருக்கும் அந்தப் பிரமிடை மாஸ்லோ வரையவில்லை, பின்னால் வந்த ஆலோசகர்கள் வரைந்தது. அந்த வரிசையில்தான் மனிதத் தேவைகள் எழும் என்பதற்கு நல்ல சான்றும் கிடைக்கவில்லை. வகுப்பில் அதற்குச் செலவிடும் நேரத்தை இலக்கு நிர்ணய ஆய்வுகளுக்குக் கொடுக்கலாம். கேரி லாதம் மரம் ஏற்றும் லாரிகளை வைத்துச் செய்த ஆய்வு 1975-ல் வெளிவந்தது. 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்று சொன்னவரை ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 விழுக்காடுதான் ஏற்றினார்கள். 94 விழுக்காடு என்று திட்டமான இலக்கு வைத்ததும் 90-ஐத் தாண்டினார்கள். எட்டாவிட்டால் தண்டனை இல்லை என்ற வாக்குறுதியும் உடன் இருந்தது. நம் நிறுவனங்கள் டார்கெட்டை எடுத்துக்கொண்டு வாக்குறுதியை விட்டுவிட்டன. ஆண்டுதோறும் நடக்கும் அப்ரைசல் குறித்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1996-ல் க்ளூகரும் டெநிசியும் 600-க்கும் மேற்பட்ட முடிவுகளைத் தொகுத்தபோது, செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேரங்களில் வேலையைக் கெடுத்திருப்பது தெரிந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் மேல் போய் விழுந்தால் கெடுதல்தான்.

உடல்நலத்தைத் தொடும் ஆய்வுகள் அழுத்தமானவை. ராபர்ட் கராசெக் 1979-ல் முன்வைத்த கருத்து எளிது: வேலைப்பளு மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, பளு அதிகமாகவும் தன் வேலையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருந்தால்தான் மன உளைச்சல் மிகுகிறது. லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு, வேலையில் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வருவதைக் காட்டியது. உச்சியில் இருப்பவருக்குத்தான் மன அழுத்தம் என்ற பொது நம்பிக்கைக்கு நேர்மாறான முடிவு. வேலையால் வரும் உளச்சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் நோய் என்று வகைப்படுத்தாமல் பணிசார்ந்த நிகழ்வு என்றே குறித்தது. அதாவது, சிகிச்சை வேண்டியிருப்பது வேலையின் அமைப்புக்கு. பன்னிரண்டு மணிநேர ஷிப்டை அப்படியே வைத்துக்கொண்டு மதியம் யோகா வகுப்பு நடத்தும் நிறுவனத்துக்கு இதை யார் சொல்வது? இந்தப் பட்டம் பெற்றவர் சொல்ல வேண்டும்.

கடை ஊழியர்கள் உட்காரத் தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் அதற்குச் சில ஆண்டுகள் முந்திக்கொண்டது. துணிக்கடைகளில் பத்து மணிநேரம் நின்றே வேலை செய்த பெண்களின் கால்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கச் சட்டம் வேண்டியிருந்தது. வெர்னன் நூறாண்டுக்கு முன் எடுத்தது போன்ற கணக்கை நம் பல்கலைக்கழகத் துறைகள் அந்தக் கடைகளில் எடுத்திருக்கலாம். பொறுப்பு அவர்களுடையதாக இருந்தது.

இந்தப் படிப்பை உலகம் எப்படி நடத்துகிறது? பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு, அதற்குப் பின் மேற்பார்வையின் கீழ் சில ஆண்டுப் பணி, அதன் பிறகே பணி உளவியலாளர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெயரே அங்கே சட்டத்தால் காக்கப்பட்டது. பிரிட்டிஷ் உளவியல் கழகம் ஐந்து பகுதிகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது: அளவீடு, பயிற்சி, தலைமையும் ஊக்கமும், நலவாழ்வு, வேலை வடிவமைப்பும் நிறுவன மாற்றமும். அமெரிக்காவில் பொதுவாக இரண்டாண்டு முதுகலை, ஆழமாகப் போக முனைவர் பட்டம். அங்கே ஆட்தேர்வும் புள்ளியியலும் கனமாக இருக்கும். நல்ல முதுநிலைப் படிப்பை அடையாளம் காண எங்கேயும் ஒரே வழிதான். அளவீட்டுத் தாள் எத்தனை, களத்தில் எத்தனை மாதம், ஆய்வேட்டை யார் படித்துத் திருத்துகிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு வயது குறைவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-ல் உளவியல் துறையைத் தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் அதே மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். மைசூரில் 1924-ல் கோபாலசாமி துறையை நிறுவினார். சென்னையில் 1940-களில் ஜி.டி. போவாஸ். 1943-ல் டேராடூனில் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க உளவியல் முறை வந்தது. ஐந்து நாள் நடக்கும் இன்றைய எஸ்.எஸ்.பி. தேர்வு அதன் தொடர்ச்சி. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் உருவாக்கிய நெசவு ஆராய்ச்சி நிலையத்தில் மனித உறவுகள் பிரிவை நடத்திய கமலா சௌத்ரி, மிச்சிகனில் சமூக உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மில் தொழிலாளர்களின் மனநிலையை ஆராய்ந்த அவரே பிறகு அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் ஆசிரியரானார். ஆண்களே நிறைந்த மில் உலகத்துக்குள் ஒரு பெண் கேள்வித்தாளோடு போய் நின்ற அந்தக் காலத்தைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஏனோ அவர் பெயர் பாடநூல்களில் அரிது.

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும் துறை ஏன் மெலிந்தது? ஒரு காரணம் சட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 49-ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியது. இந்தப் பதவிக்கு ஆள் தயாரிக்கச் சமூகப்பணிக் கல்லூரிகளும் தொழிலாளர் கல்வி நிலையங்களும் வளர்ந்தன. தமிழ்நாட்டில் ஆலைக்குள் நுழைய எம்.எஸ்.டபிள்யூ. பட்டமே கதவாயிற்று. அந்தப் பட்டதாரிகள் சட்டம் அறிந்தவர்கள், தொழிற்சங்கத்தோடு பேசத் தெரிந்தவர்கள். அவர்களிடம் உளவியலாளர் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஆனால் அளவீடு அந்தக் கதவு வழியாக உள்ளே வரவில்லை. 1970-களின் நடுவில் உதய் பரீக்கும் டி.வி. ராவும் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு வகுத்துக் கொடுத்த மனிதவள மேம்பாட்டு முறை நாடெங்கும் பரவியது. பரீக் உளவியலாளர், அவருக்கு அளவுகோல்கள் முக்கியம். பரவும்போது பெயர் பரவிய வேகத்தில் அளவுகோல் பரவவில்லை. பெர்சனல் டிபார்ட்மென்ட் பலகையைக் கழற்றி ஹெச்.ஆர். பலகை மாட்டிய இடங்களே அதிகம்.

நம் மண்ணிலிருந்து எழுந்த கோட்பாடுகளும் கவனிக்கத்தக்கவை. பாட்னாவைச் சேர்ந்த ஜே.பி.பி. சின்ஹா 1980-ல் பேணி வளர்க்கும் தலைவர் என்ற கருத்தைத் தந்தார். இந்தியத் தொழிலாளி மேலாளரிடம் பாசத்தையும் வழிகாட்டலையும் எதிர்பார்க்கிறார், வேலை நடந்தால் அந்தப் பாசம் கிடைக்கும் என்று தலைவர் உணர்த்தினால் காரியம் நடக்கும் என்பது அதன் சுருக்கம். அவதானிப்பு உண்மைதான். ஆனால் அது எங்கே வழுக்கும் என்பதையும் கூடவே கற்பிக்க வேண்டும். மேற்குத் தமிழகத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். முதலாளி தகப்பன் மாதிரி என்ற மொழியும் அதில் கலந்திருந்தது. வெளியே போகத் தடை, இடையில் நின்றால் தொகை இல்லை. பாசத்தின் மொழியில் பிடித்துவைத்தல் நடக்கும்போது அதை அளந்து சொல்லும் கருவி உளவியலாளரிடம் இருந்திருக்க வேண்டும். குரல் கொடுத்தவர்கள் பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களுமே.

2016-ல் மிண்டி பெர்க்மனும் வனெஸா ஜீனும் தங்கள் துறையைப் பார்த்து, தொழிலாளர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார்கள். ஆய்விதழ்களில் மேலாளரும் நிபுணரும் நிறைந்திருக்க, கூலிக்கு உழைப்பவர் அருகிப்போனதைக் காட்டினார்கள். நம்மிடமும் இதே கதை. ஐ.டி. ஊழியருக்கு ஒரு சுட்டியை அனுப்பினால் மாலைக்குள் கேள்வித்தாள் நிரம்பிவிடும். திருப்பூரில் தைக்கும் ஒடியா பேசும் பெண்ணிடம் கேட்க வேண்டுமானால் முதலில் அளவுகோலை ஒடியாவுக்குக் கொண்டுபோய், அதை வேறொருவரை வைத்து மூலமொழிக்குத் திருப்பி ஒப்பிட்டு, ஒரு சிறு குழுவிடம் சோதித்து, நம்பகத்தன்மையைக் கணக்கிட்ட பிறகே களத்துக்குப் போகலாம். மெனக்கெட்ட வேலை. ஆனால் அந்த மெனக்கெடல்தான் கல்வி.

வேலை இல்லாதவர்களும் இந்தத் துறையின் அக்கறைக்கு உரியவர்களே. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற நெசவாலைக் கிராமத்தில், 1930 வாக்கில் ஆலை மூடியபோது ஏறக்குறைய முழு ஊரும் வேலை இழந்தது. மரி யஹோடாவும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் சைசலும் அங்கே ஆய்வு செய்து 1933-ல் நூல் வெளியிட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தையே அளந்தார்கள், அது தளர்ந்திருந்தது. வேலை சம்பளத்தோடு நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே உறவுகளையும் தருகிறது என்ற யஹோடாவின் பிற்காலக் கருத்துக்கு அதுவே விதை. பஞ்சாலைகள் மூடிய நம் ஊர்களிலும் இப்படியோர் ஆய்வுக்கு இடம் இருந்தது, இன்னும் இருக்கிறது.

படிக்க வரும் இளைஞருக்கு நடைமுறை நிலவரத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவ உளவியலாளரை இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்கிறது. நிறுவன உளவியலாளர் என்று பலகை மாட்ட இங்கே எந்தப் பதிவும் தேவையில்லை. அதனால் இரண்டு நாள் பயிற்சி பெற்றவரும் இரண்டாண்டு முதுகலை படித்தவரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் உளவியல் முதுகலை படித்தவர்கள் இங்கே ஏராளம். 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு உளவியலையும் சுகாதாரத் துறைப் படிப்புகளோடு சேர்த்து, தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிய சேர்க்கையை நிறுத்தச் சொன்னது. நோயாளியைத் தொடும் பிரிவுகளுக்கு அது நியாயம். பணியிடத்திலேயே ஆய்வு செய்ய வாய்ப்புள்ள ஊழியருக்குத்தான் இழப்பு. மாலைநேர வகுப்புகளைத் திறந்தால் அதை ஈடுகட்டலாம்.

புதிய மேலாளராக வந்திருக்கும் செயலிகளும் இந்தத் துறையின் மேசைக்கு வந்தாக வேண்டும். உணவு கொண்டுவரும் இளைஞருக்கு வேலை கொடுப்பதும், மதிப்பெண் போடுவதும், கணக்கை முடக்குவதும் ஒரு கணினி நிரல். கராசெக்கின் அளவுகோலை எடுத்துக்கொண்டு போனால், பளு மிகுதி, கட்டுப்பாடு குறைவு என்ற மூலையில் அவர் நிற்பது தெரியும் என்று எதிர்பார்க்கிறேன், அளந்துதான் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு இவர்களுக்கென நல வாரியத்தை 2023-ல் அறிவித்தது. வாரியத்துக்குத் தரவு வேண்டும். முதுநிலை ஆய்வேடுகள் அதைத் தரலாம்.

துறைகள் நாளையே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இப்போது மாணவர் கேள்வித்தாளோடு ஆலைக்குப் போகிறார், தொழிலாளி தன் உணவு இடைவேளையில் அதை நிரப்பித் தருகிறார், ஆய்வேட்டின் ஒரு படி நிர்வாகத்துக்குப் போகிறது, ஒரு படி நூலகத்துக்குப் போகிறது. நிரப்பித் தந்தவருக்கு எதுவும் போவதில்லை. முடிவுகளை நான்கு பக்கத்தில் அவர்கள் படிக்கும் மொழியில் எழுதி, ஷிப்டு மாறும் நேரத்தில் அவர்கள் முன் படித்துக்காட்டி, அவர்கள் சொல்லும் மறுப்பையும் கடைசி அத்தியாயத்தில் சேர்த்தால்தான் ஆய்வேடு ஏற்கப்படும் என்று விதி வைக்கலாம். அதற்குப் புதிய சட்டமோ நிதியோ வேண்டாம். துறையின் பாடத்திட்டக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டால் போதும்.